காரையாறுக்கு வர்றியா இல்லியாலே?

ஏலே மாப்ள,

நேத்து நீ அனுப்புன மெசேஜ் பாத்தேன். "அம்பாசமுத்திரத்துல என்னலே இருக்கு, அகத்தியர் ஃபால்ஸ்ல ஒரு குளியல போட்டுட்டு நேரா குற்றாலம் போயிருவோம்"னு எழுதிருக்க. ஆச்சிகிட்ட அத வாசிச்சுக் காட்டல, காட்டுனா ரெண்டு நாளைக்கு சோறு திங்க மாட்டா.

குற்றாலம் எப்ப வேணா போலாம்லே. நீ ஆடி அமாவாசைக்கு வா. காரையாறுல இருக்க சொரிமுத்தையனார் கோயிலுக்கு குடும்பத்தோட போய் நாம தங்குறதுக்குக் குடில் போட்டு எத்தன வருஷம் ஆச்சு! முன்ன மாதிரி பத்து பதினஞ்சு நாள்லாம் இப்ப தங்க விடமாட்டாங்க, புலிகள் காப்பகம்லா, ஃபாரஸ்ட்காரங்க சில நாள்தான் குடுக்காங்க. அதுவும் நல்லதுக்குத்தான்னு எனக்குத் தோணுது, திருவிழா முடிஞ்சதும் ஆத்துல கெடக்குற துணியும் குப்பையும் நீ பாத்ததில்ல. பிளாஸ்டிக் பை எதுவும் தூக்கிட்டு வராத, செக்போஸ்ட்லயே புடுங்கிருவாங்க.

ஊர்ல டீக்கடைல இப்பவும் மொத கேள்வி "காரையார் டேம்ல தண்ணி எத்தன அடி"தான். 143 அடி டேம்ல பாதி இருந்தாலே கார் பருவ நெல்லுக்குத் தண்ணி வந்துரும்னு ஆளாளுக்குக் கணக்கு போடுதாங்க, நதியுண்ணி கால்வாய்ல தண்ணி வந்த அன்னிக்கே பசங்க பள்ளிக்கூடம் விட்டதும் பைய கரைல போட்டுட்டு மதகுல இருந்து குதிக்கானுவ, நாம குதிச்ச அதே எடம்தான், உன் முழங்கால்ல தழும்பு இருக்கா இன்னும்?

சரி, குடிலுக்கு வாரேன். போன தடவ நாங்க போனப்ப சாரல்ல வெறகெல்லாம் நனஞ்சு போச்சு. மூணு கல்ல வச்சு கூட்டாஞ்சோறு வைக்க சித்தி படாத பாடு பட்டா, கண்ணெல்லாம் புகை, ஒருவழியா வெந்து எறக்கி வச்சு திரும்பினா குரங்கு ஒண்ணு அகப்பைய தூக்கிட்டு மரத்து மேல உக்காந்து நக்கிட்டு இருக்கு. அப்புறம் தேங்கா செரட்டையாலதான் எல்லாருக்கும் வெளம்புனா. அந்தச் சோத்து ருசி இருக்கே, சொன்னா நம்ப மாட்ட, புகை வாடையோட அப்படி இருந்துச்சு.

கோயில்ல இருக்க மணி முழுங்கி மரம் ஞாபகம் இருக்கா? கட்டுன மணியெல்லாம் மரமே உள்ள இழுத்துக்கிடும். சின்னதுல நீ காத வச்சு "உள்ள அடிக்குதுடா"ன்னு எங்க எல்லாரையும் ஏமாத்துன. திருவிழால சிங்கம்பட்டி ராஜா தீர்த்தபதி ராஜ உடுப்புல உக்காந்து தரிசனம் குடுப்பாரே, அவரு 2020ல காலமாயிட்டாரு. அவரப் பாக்கவே நம்ம தாத்தா மொத ஆளா போய் நிப்பாரு, இல்லியா?

இப்ப விஷயத்துக்கு வாரேன். உனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஆச்சி அந்தக் கோயில்ல இருக்க பட்டவராயன் சாமிக்கு தோல் செருப்பு நேந்துகிட்டா. வில்லுப்பாட்டுல கேட்டுருப்பியே, செருப்பு தைக்கிற வீட்டுப் பொண்ணுங்க பொம்மக்கா திம்மக்காள கட்டுறதுக்காக பூணூல அத்துட்டு செருப்பு தச்சவரு, மாடு களவாங்க வந்தவனுவளோட மல்லுக்கட்டி செத்துப் போனாரு. அவருக்குத்தான் செருப்பு கட்டுவாங்க, கட்டுன செருப்பு அடுத்த வருஷம் தேஞ்சு கெடக்கும், ராத்திரி போட்டுட்டு நடக்காருன்னு ஆச்சி சொல்லுவா. நீ நம்புதியோ இல்லியோ, அவ நம்புதா. "அவன் கையாலதான் கட்டணும்"னு மூணு வருஷமா பாக்கி வச்சுட்டு உக்காந்திருக்கா, நான் கட்டுதேன்னு சொன்னா அடிக்க வாரா.

செருப்பு தைக்கக் குடுத்தாச்சு. பாதிக் காசு நான் குடுத்துட்டேன், மிச்சம் 600 ரூவாய ஜிபே பண்ணிரு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல இன்னைக்கே டிக்கெட் போடு, அந்த வாரம் வெயிட்டிங் லிஸ்ட் எகிறிரும். காரெல்லாம் எடுத்துட்டு வராத, ஆச்சிக்கு பஸ்ஸுல ஜன்னல் சீட்டுதான் வேணுமாம்.

— உன் மச்சான்