கோமு, ஒரு பிள்ளைக்காகக் கேக்கேன்

பாளையங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கோமு,

நல்லா இருக்கியாட்டி? அண்ணாச்சிக்கு மூட்டுவலி தேவலையா? இங்க எல்லாரும் சுகம். அம்மைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப பேப்பரை ஒரு வரி விடாம வாசிச்சு எங்களுக்கும் ஒப்பிக்கா. ரோஸ்மேரி வந்திருந்தா. நீ அந்தக் குடையை இன்னும் திருப்பிக் குடுக்கலைன்னு அதே பாட்டுதான். பொங்கலுக்கு வாரேன்னு சொல்லி ஏமாத்துனவ நீ, அதனால நான் எழுதலைன்னு கோவிச்சுக்கிடாத.

விஷயத்துக்கு வாரேன். மனசு கொதிச்சுக்கிட்டு இருக்கு. போன்ல சொன்னா "அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு பாதியில வெச்சிருவ.

முக்கூடல்ல இருந்து ஒரு பிள்ளை எங்கிட்ட வந்து போயிட்டு இருக்கா. அந்த வீட்டுல காலேஜ் படி ஏறுன முதல் ஆள். தாமிரபரணியில இருந்து பிரியுற கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல பிஎச்டி பண்ணுதா. போன வாரம் ஸ்பைரல் போட்ட கட்டு ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, "மேடம், மெட்டீரியல் வாங்கிட்டேன்"னு சந்தோஷமா நீட்டுனா. ஜங்ஷன் பக்கம் ஒரு ப்ராஜெக்ட் சென்டராம். ஆராய்ச்சிக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துக் குடுத்துக் காசு வாங்குவாங்களாம். பிரிச்சுப் பாத்தேன். மேல இருந்த ஆய்வேடுக, பிஎச்டி ஆய்வேடுகளைச் சேத்து வெச்சிருக்க ஷோத்கங்கா இணையதளத்துல கிடக்கு. காந்திநகர்ல இருக்க இன்ஃப்ளிப்நெட்ங்கிற அரசு மையம் நடத்துறது, எந்தப் பிள்ளையும் அத்தியாயம் அத்தியாயமா சும்மா இறக்கிக்கிடலாம். அதுக்குக் கீழ பேட் எழுதுன 1917 திருநெல்வேலி ஜில்லா கெஜட்டியர், கால்டுவெல்லோட 1881 திருநெல்வேலிச் சரித்திரம். ரெண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இலவச மின்னூலகத்துல உண்டு. ஒரு பக்கத்துக்குக்கூடக் காசு குடுக்க வேண்டியதில்ல. அவ குடுத்தது அம்மை பீடி சுத்துன கூலிட்டி!

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. கருதுகோள்னா என்ன, மாதிரி எடுக்கது எப்படின்னு அந்தப் பிள்ளை கடகடன்னு சொல்லுதா. ஒரு கட்டுரை எங்க கிடைக்கும்னு மட்டும் அவளுக்கு யாரும் சொல்லல. காசு இல்லாததைவிட இதுதான் பெரிய அநியாயம்னு எனக்குத் தோணுது. 2025 ஜனவரியில இருந்து, ஆராய்ச்சி இதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டுற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தாச்சு. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூவா, 30 பதிப்பாளர், கிட்டத்தட்ட 13,000 இதழ். அரசுப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் உண்டு. நம்ம வரிப்பணம். அப்படி ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியல.

டேவிட் லட்டன் 1979-ல தமிழ்நாட்டுப் பாசனத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்காரு, 'இண்டியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ'வுல. இவ தலைப்புக்கு அது இல்லாம முடியாது. சென்டர்ல "அது கிடைக்காது, வேற வெச்சு எழுது"ன்னுட்டாங்களாம். வேற வெச்சு எழுத இது என்ன, பருப்பு இல்லாத அன்னைக்கு ரசம் வைக்கிற மாதிரியா? நேரா லைப்ரரியன்ட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த மனுஷன் எழுதி வாங்கி, நூலகங்க ஒண்ணுக்கொண்ணு குடுத்து வாங்கிக்கிடுற டெல்நெட் வழியா அனுப்பிக் கேட்டாரு. பிடிஎஃப் வந்துட்டு. "இப்படி வந்து கேக்கதுக்கு ஆளே இல்ல மேடம்"னு அவரு சொன்னது இன்னும் காதுல நிக்கி. இந்தப் பக்கம் பிள்ளைக தெரியாம காசு குடுக்கு, அந்தப் பக்கம் குடுக்கதுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்காரு.

உன் அண்ணன் மக தனியார் காலேஜ்லதான படிக்கா? அந்தச் சந்தா இப்போதைக்கு அவளுக்குக் கிடையாது. ஆனா ஜேஸ்டோர்ங்கிற ஆய்வுக் கட்டுரைத் தளத்துல சொந்தமா ஒரு கணக்கு தொடங்கச் சொல்லு, மாசம் 100 கட்டுரை வரைக்கும் இலவசமா திரையில வாசிக்கலாம். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியோட பழைய இதழ் எல்லாம் அதுல இருக்கு. கூகுள் ஸ்காலர்ல ஒரு கட்டுரை பூட்டிக் கிடந்தா, கீழ இருக்க மத்த பிரதிகளையும் திறந்து பாக்கணும். ஆசிரியரே எங்கயாவது சும்மா போட்டு வெச்சிருப்பாரு. இல்லாட்டி அவருக்கே மெயில் எழுதலாம். கட்டுரையை விக்க காசு பதிப்பாளருக்குத்தான் போகுது, எழுதுனவருக்கு ஒண்ணும் இல்ல. அதனால கேட்டா முக்காவாசிப் பேரு சந்தோஷமா அனுப்புவாங்க. வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம்னா டின்னவெல்லி, தாம்ப்ரபர்னின்னு அந்தக்கால எழுத்துல தேடச் சொல்லு. தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் முதல்ல. ஆர்க்கைவ்ல தமிழ்த் தலைப்பையெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல கன்னாபின்னான்னு பதிஞ்சு வெச்சிருக்காங்க, ஒரு பேரை நாலு விதமா எழுதிப் பாத்தாத்தான் அகப்படும்.

இனி சனிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டு மாடியில இதை மட்டும் சொல்லிக் குடுக்கப் போறேன். முக்கூடல் பிள்ளை தன் கூட்டாளிகளைக் கூட்டிட்டு வாரேன்னிருக்கா. எங்க வீட்டுக்காரரு பழைய லேப்டாப்பைத் துடைச்சு வெச்சுட்டாரு.

இப்ப உன் காரியம். இன்டர்நெட்ல கிடைக்காததும் இருக்குல்லா. கன்னடியனையும் ஸ்ரீவைகுண்டம் அணையையும் பத்தின பொதுப்பணித்துறைக் கோப்புகளை அவ சென்னை எழும்பூர்ல இருக்க தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துலதான் தேடணும். கைடு கடிதத்தோட அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கா. தரமணியில ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போகணுமாம். ஹாஸ்டல்ல தங்க அவளுக்கு வழி இல்ல. நீ எழும்பூருக்கு எட்டுன தூரத்துல இருக்க, மாடி ரூமும் சும்மாதான் கிடக்கு. ஒரு வாரம் வெச்சுக்கிடுவியா? வேணும்னா அண்ணாச்சிட்ட நான் பேசுதேன். ரோஜா முத்தையாவுல நகல் எடுக்க என்ன ஆகும்னும் ஒரு போன் போட்டுக் கேட்டு வை.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விடுதேன், வெள்ளன வந்து இறங்கிருவா. ஸ்டேஷனுக்கு யாராவது வந்தா நல்லது, அவ மதுரையைத் தாண்டுனதே இல்ல. மீன் சாப்பிட மாட்டா, முட்டை சாப்பிடுவா. தேதியை முடிவு பண்ணி உடனே எழுது, டிக்கெட் போடணும்.

உன்
பேச்சி