மாலை ஏழு மணி மின்சாரம்

கோயம்புத்தூர்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். மகன் கட்டிய வீட்டின் மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் ஏறிவிட்டது என்றும், 78,000 ரூபாய் மானியமும் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் "நிலக்கரியின் காலம் முடிந்தது" என்று நீ முடித்திருந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாக 2025-இல் மாறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் நிறுவப்பட்ட திறன், அதாவது எல்லா நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு, வேறு; கையில் கிடைக்கும் யூனிட் வேறு. 2024-இல் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் ஆனி, ஆடியில் சுற்றும் சுற்றுக்கும் மார்கழியில் நிற்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இருவரும் கண்ணால் பார்த்தவர்கள். சூரியனோ, ஊரே விளக்கையும் மின்விசிறியையும் ஏசியையும் போடுகிற மாலை ஏழு மணிக்கு முன்பே விடைபெற்றுக்கொள்கிறது. உன் மாடியிலிருந்து பகலில் போகும் மிச்ச யூனிட்டை இரவில் எடுக்கும் யூனிட்டோடு கழித்துக்கொள்கிறார்களே, அந்த இரவு யூனிட்டைத் தருவதற்காக எங்கோ ஓர் அனல் மின்நிலையம் அணையாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பின் செலவு முழுவதும் உன் பில்லில் வருவதில்லை. சொந்த மாடி இல்லாமல் வாடகை வீட்டில் இருப்பவரும் சேர்ந்துதான் அதைச் சுமக்கிறார். மானியமும் அவருக்கு எட்டாது.

சேமித்து வைக்க வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980-களிலேயே வந்துவிட்டது; மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள அணையின் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவழித்ததில் நான்கில் ஒரு பங்கு போல இழப்பாகும். அது பெரிய குறையில்லை. ஆனால் அதன் திறன் 400 மெகாவாட்; மாநிலத்தின் காற்றாலைத் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல். சோலார் தகடு பதிக்கச் சில மாதங்கள் போதும், மலையைக் குடைந்து நீரேற்று நிலையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். பேட்டரி விலை இறங்கிவருவது நல்ல செய்திதான், என்றாலும் இந்த இடைவெளியை அது நிரப்பும்வரை நிலக்கரியை வழியனுப்பும் விழாவைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்சாரப் பூங்கா இருக்கிறதல்லவா? அங்கே நிலத்தை விலைக்கு வாங்காமல், தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள். வானம் பார்த்த நிலக்கடலைக் காட்டுக்கு அது நல்ல வருமானம். உரிமையும் உழவர் கையிலேயே நிற்கிறது. நிலத்தைப் பறித்துக்கொள்ளும் திட்டங்களோடு ஒப்பிட்டால் இதை நான் பாராட்டவே செய்வேன். ஆனால் பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு 2,10,000 ரூபாய் வருகையில், அதே காட்டில் களையெடுத்தும் கடலை பறித்தும் கூலி வாங்கியவருக்கும், அறுவடைக்குப் பின் ஆடு மேய்த்தவருக்கும் அந்தக் குத்தகைப் பத்திரத்தில் இடமே இல்லை. நிலம் இல்லாதவன் நிலத்தை இழக்க முடியாது என்பதுதான் அந்தப் பத்திரத்தின் பார்வை. அவன் இழந்தது வேலையை.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. நீ தணிக்கைத் துறையில் இருந்தவன், நீயே கணக்குப் போட்டுப் பார். அந்தப் பூங்கா தன் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே தந்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 360 கோடி யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு ஒரு பைசா ஒதுக்கினால் 3 கோடியே 60 லட்சம் ரூபாய். மின்சாரம் வாங்குபவர் எவருக்கும் அது உறைக்காது. சுற்றியுள்ள ஊர்களின் நிலமற்ற குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பங்கிட அது உதவும். ராமநாதபுரத்துக் கமுதியில் உள்ள சூரிய மின்நிலையத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். யாரிடம் வசூலிப்பது, நிலமற்றவர் பட்டியலை யார் எழுதுவது, உள்ளூர்ப் பெரிய கைகள் அதில் நுழையாமல் எப்படித் தடுப்பது என்பவற்றில் எனக்கே தெளிவில்லை. உன் தணிக்கைக் கண்ணுக்கு இதில் எந்த ஓட்டை முதலில் தெரிகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்