கொப்புளம் வந்த தலையிலும் எண்ணெயை நிறுத்தாதே என்ற நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
ஒரு வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் மூலிகைக் கூந்தல் தைலத்தால் என் மகளுக்கு வந்த தலைத்தோல் அழற்சி, தங்கள் சேவை மையம் சொன்ன தவறான ஆலோசனை, தங்கள் விளம்பரம் ஆகியவை குறித்து.

ஐயா / அம்மையீர்,

தலையெல்லாம் கொப்புளம் கிளம்பி எரிகிறது என்று சொன்ன ஒரு கைக்குழந்தைக்காரியிடம், "நிறுத்தாதீங்க, இன்னும் அதிகமா தேய்ங்க" என்று தங்கள் சேவை மையத்தில் பேசியவர் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தின் முதல் புகார் அதுதான். பணம், லேபிள், விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு.

நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம் முடிந்த சமயத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. சீப்பு, தலையணை உறை, குளியலறைச் சல்லடை, எங்கே பார்த்தாலும் முடி. பால் குடிக்கும் பிள்ளையின் விரல் இடுக்கில்கூட முடி சுற்றிக்கொள்ளும். இறுகச் சுற்றினால் பிஞ்சு விரலில் ரத்த ஓட்டம் நின்றுபோகும் என்று குழந்தை மருத்துவர் எச்சரித்திருந்ததால், தினமும் ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பிரித்தெடுப்போம். இரவில் தூக்கமில்லாமல், பகலில் கண்ணாடி பார்க்கவே பயந்துகொண்டு அவள் இருந்த அந்த நாட்களில்தான் தங்கள் விளம்பரம் அவள் கைபேசிக்கு வந்தது.

"பிரசவத்துக்குப் பின் முடி கொட்டுதா? 90 நாளில் புது முடி உறுதி." மரச்செக்கு சுற்றுகிறது. ஒரு பாட்டி அம்மியில் கரிசலாங்கண்ணி அரைக்கிறார். மண்சட்டியில் தைலம் கொதிக்கிறது. பிறகு, தைலம் தேய்ப்பதற்கு முன், தேய்த்த பின் என்று தாய்மார்களின் படங்கள். கீழே, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் நூறு சதவீதம் பாதுகாப்பானது, பக்கவிளைவே கிடையாது என்று ஒரு வரி. மூன்று பாட்டில் சேர்ந்த 1,497 ரூபாய் செட்டை என் கணக்கிலிருந்து வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் குளுகுளுவென்றுதான் இருந்ததாம். சில நாட்களில் அரிப்பு. அப்புறம் நெற்றி ஓரமும் காதுக்குப் பின்புறமும் சிவந்து தடித்தது. பிடரியில் சிறுசிறு சீழ்க்கொப்புளங்கள். பொடுகு செதில் செதிலாக உதிர்ந்தது. முடி முன்னைவிடக் கூடுதலாகக் கொட்டியது. அவள் உங்கள் எண்ணுக்கு அழைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் இது:

"மேடம், அது சைடு எஃபெக்ட் இல்ல. உள்ள இருக்கற கழிவுதான் வெளிய வருது. மூலிகை வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நடுவுல நிறுத்தினா இன்னும் கொட்டும். ரெண்டு வேளை தேய்ங்க, நைட் ஃபுல்லா ஊற விடுங்க. ஆறு பாட்டில் கோர்ஸ் எடுத்தீங்கன்னா ரிசல்ட் நிக்கும்."

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயது இருக்கும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரல். நான் குறுக்கிட்டு, "கொப்புளத்தில் சீழ் இருக்கிறது அம்மா, இதற்கும் தேய்க்கச் சொல்கிறாயா?" என்று கேட்டதற்கும் மறுபடி அதே வாக்கியங்களைத்தான் சொன்னாள். எழுதிக் கொடுத்தவர்களைத்தான் நான் கேட்கிறேன். உடம்பின் கழிவைப் பிரித்து அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை. தலைத்தோலில் கொப்புளமாகக் கிளம்பி வெளியேற எந்தக் கழிவும் அங்கே சேர்ந்திருக்கவில்லை. சிவப்பு, அரிப்பு, கொப்புளம் என்றால் தோல் அந்தப் பொருளை ஏற்கவில்லை என்று பொருள். உடனே நிறுத்திக் கழுவச் சொல்லியிருக்க வேண்டும், மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சித்த மருத்துவரிடமும் கேட்டேன். புண் வந்த தலையில் எந்தத் தைலமும் வைக்கக் கூடாது என்றுதான் அவரும் சொன்னார். ஆகவே இந்தப் பழியை மூலிகை வைத்தியத்தின் தலையிலும் நீங்கள் கட்ட முடியாது.

தோல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னது: ஒவ்வாமையால் வந்த தோல் அழற்சி, அதோடு மயிர்க்கால்களில் அழற்சி, பழைய பொடுகும் தீவிரமாகிவிட்டது. பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் இருப்பது; கொழுப்பைத் தின்று வாழ்வது. பொடுகுத் தலையில் இரவு முழுக்க எண்ணெய் ஊற வைத்தால் அதற்குத்தான் தீனி. எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்லி, பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவும் தடவ மருந்தும் எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறோம். உங்கள் எண்ணில் பேசியவர் ரத்தம் பார்த்தாயா, தைராய்டு பார்த்தாயா, பிரசவமாகி எத்தனை மாதம் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறு பாட்டிலைப் பற்றி மட்டும் பேசினார்.

இன்னொன்றும் எனக்கு ஆறவே இல்லை. லேபிளில் கற்பூரமும் மென்தாலும் இருக்கின்றன. குளுகுளுவென்று இருந்தது அவற்றால்தான். கற்பூரம் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. உள்ளே போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் மூக்கருகே கற்பூரமோ மென்தாலோ கலந்த தைலங்களைக் கொண்டுபோகக் கூடாது. அப்படிப்பட்ட எண்ணெயை இரவு முழுக்க ஊற வைத்து, அதே தலையணையில் பிள்ளையை அணைத்துப் படுக்கிற பெண்ணிடம்தான் நூறு சதவீதம் பாதுகாப்பு என்று விற்றிருக்கிறீர்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கடவுள் புண்ணியம். உங்கள் பாட்டிலில் அதற்கு ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

அடுத்து அந்தத் தாய்மார்களின் படங்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடிகூட உதிராமல் வளர்நிலையிலேயே நிற்கும். பிரசவத்துக்குப் பின் ஹார்மோன் இறங்கியதும் அவை ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி வரை உதிரும். இந்தச் சமயத்தில் அது பல மடங்காகும். பிறகு தானே குறைந்து, பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதும் இதே கதைதான். அதாவது, எந்த எண்ணெயும் தேய்க்காத பெண்ணை நாலாவது மாதத்தில் ஒரு படமும், பத்தாவது மாதத்தில் ஒரு படமும் எடுத்தாலே உங்கள் விளம்பரத்தில் இருக்கிற அதே வித்தியாசம் தெரியும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியிருக்க, 90 நாள் கணக்கில் இடுப்பு வரை புரள்கிற கூந்தலைக் காட்டியிருக்கிறீர்கள். பயந்துபோயிருக்கிற பெண்களைத் தேடிப் பிடித்து, இயற்கை தானே சரிசெய்கிற ஒன்றை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூலிகை எண்ணெயை நான் வெறுக்கிறவள் அல்ல. எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுகிறோம். வயல் வரப்பில் பறித்த கீரையை மண் போக அலசி, அரைத்துப் பிழிந்த சாற்றை எண்ணெயில் விட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் அடிபிடித்துக் கருகிவிடும். சாற்றின் நீர் வற்ற வற்றச் சடசடப்பு அடங்கும். வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். திரியை அதில் நனைத்துக் கொளுத்தினால் வெடிக்காமல் எரிய வேண்டும். ஈரம் தங்கிவிட்டால் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடித்துவிடும். இத்தனை பாடுபட்டும் என் மாமியார் ஒரு நாளும் "இது முடி வளர்க்கும்" என்று சத்தியம் செய்ததில்லை. தலை வறளாது, சிக்கு விழாது, சூடு தணியும் என்பார், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் கனிம எண்ணெய்க்கு அந்தக் குணம் தென்படவில்லை. முடி முறியாமல் காப்பது வேறு, மயிர்க்காலிலிருந்து புது முடியை முளைக்கச் செய்வது வேறு.

உங்கள் பாட்டிலில் முதலில் எழுதியிருப்பது லைட் லிக்விட் பாரஃபின். கனிம எண்ணெய். ஒரு சதவீதத்துக்கு மேல் கலந்த பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதி. அப்படியென்றால் பாட்டிலில் அதிகமாக இருப்பது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற எண்ணெய். இரண்டாவதாகத் தேங்காய் எண்ணெய், அதன்பின் வாசனைத் திரவியம், கற்பூரம், மென்தால், நிறம். கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் நெல்லியும் கடைசி வரியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில். கனிம எண்ணெயை நஞ்சு என்று நான் சொல்லவில்லை. கூந்தல் எண்ணெயில் அதைச் சேர்க்க அனுமதி உண்டு. ஆனால் அதை விற்பதற்கு மரச்செக்கும் அம்மியும் எதற்கு? அந்தப் பாட்டி அரைத்த கீரை எங்கே போனது?

சட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் லேபிளில் இருப்பது அழகுசாதனப் பொருளுக்கான உரிமம். அழகுசாதனப் பொருளைப் பற்றி வாங்குபவருக்குப் பொய்யான, தவறாக வழிநடத்தும் எண்ணம் தரக் கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. இல்லை, இது மருந்து என்று வாதிட்டாலும், 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை இருக்கிறது. குணப்படுத்துவதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் அது. வழுக்கை, இளநரை, புது முடி வளர்த்தல் ஆகியவை அதில் இருக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணைய விற்பனையில் வந்த புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாங்கள் ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சலுக்கு, அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன்தான் பதிலாக வந்தது. அதை நான் பயன்படுத்தப்போவதில்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பொருளின் விலை 1,497 ரூபாயும் பில்லில் உள்ளபடி மருத்துவர் கட்டணம், பரிசோதனை, மருந்துச் செலவும் திரும்ப வர வேண்டும். அதைவிட முக்கியமாக, சேவை மையத்தில் பேசுகிறவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிற அந்தக் "கழிவு வெளியேறுகிறது" பதிலை இன்றே எடுத்துவிட வேண்டும். அரிப்போ கொப்புளமோ என்று யார் அழைத்தாலும் "நிறுத்துங்கள், கழுவுங்கள், மருத்துவரைப் பாருங்கள்" என்பதைத்தான் அவர்கள் முதலில் சொல்ல வேண்டும். பாட்டிலின் மேல், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒன்றிரண்டு நாள் பார்த்த பிறகே தலையில் தேய்க்க வேண்டும் என்பதையும், கற்பூரம் இருப்பதால் கைக்குழந்தை அருகே ஆகாது என்பதையும் தமிழில் படிக்கிற அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். பிரசவமான பெண்களின் படங்களையும் 90 நாள் உறுதியையும் விளம்பரத்திலிருந்து நீக்க வேண்டும். இவற்றை ஏற்கிறீர்களா இல்லையா என்பதைத் தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில் தெரிவியுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது. லேபிளின் படத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தனியாக அனுப்புவேன்.

ஆர்டர் விவரம், பில், தலைத்தோலின் படங்கள், மருத்துவச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, தங்கள் சேவை எண்ணுக்கு அழைத்ததற்கான பதிவு, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். மீதியுள்ள இரண்டு பாட்டில்களும் முத்திரை உடைக்காமல் எங்களிடம் இருக்கின்றன. திறந்த பாட்டிலையும் பரிசோதனைக்குத் தேவைப்படும் என்று பத்திரப்படுத்தியிருக்கிறோம். ஆளனுப்பி வாங்கிக்கொள்வதாக இருந்தால் திறந்த பாட்டிலைத் தர மாட்டோம், மற்ற இரண்டையும் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.