வேலை குறைந்த மாதங்களில் ஆள் எடுப்பது பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன கிழமை உமது மென்பொருள் கந்தோருக்கு வந்தபோது பாதிப் பேர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நமது வாடிக்கையாளரான நோர்வேக்காரர் எல்லோரும் விடுமுறையில் போய்விட்டார்கள். செப்டெம்பர் வரைக்கும் புதிதாக ஒருவரையும் எடுப்பதாக இல்லை" என்றீர். தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். பதினெட்டு வருடம் ஆளணிப் பிரிவில் இருந்தவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்று உமக்குத் தெரியாது.

அங்கே யூலையில் மூன்று கிழமை கூட்டு விடுமுறை என்பது புதிய செய்தியல்ல, வருடாவருடம் வருவது. வருமென்று தெரிந்த ஓய்வை வீணாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கைப் பாரும். செப்டெம்பரில் தேடத் தொடங்கினால் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மாதம், அவர் பழைய இடத்தில் அறிவித்தல் கொடுத்து விலக ஒரு மாதம், உமது வேலையைப் பழக மூன்று மாதம். தைப்பொங்கலும் கழிந்து பெப்ரவரியில்தான் அவரால் பயன். நடுவில் வேலை குவிந்து கிடக்கும் நவம்பரில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்?

கொழும்பில் நான் இருந்த ஒரு கம்பனி இப்படித்தான் செய்தது. வேலை தலைக்குமேல் போன பிறகு ஒரே மாதத்தில் எட்டுப் பேரை அள்ளிப் போட்டோம். பழக்கிவிட ஆளில்லாமல் அடுத்த சித்திரைக்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள். நியமனக் கடிதங்களில் கையெழுத்து என்னுடையது.

யாழ்ப்பாணத்தில் இந்த மாதங்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதை நீர் யோசிக்கவே இல்லை. உமது வாடிக்கையாளர் ஊரைவிட்டுப் போகும் நேரத்தில்தான் நம்மவர்கள் ஊருக்கு வருகிறார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களில் இருபது வருடம் மென்பொருள் எழுதியவர்கள் எத்தனை பேர்! உமது சொந்தத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் காசு கேட்க வேண்டாம், அரை நாள் கேளும். நேர்முகத்தில் உம்முடன் இருந்து, பிள்ளைகள் எழுதிய நிரலைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். ஒன்று மட்டும்: அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டே கெட்டிக்காரப் பிள்ளைகள் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். எழுதிய நிரலைத் தமிழில் விளக்கச் சொல்லும். ஆங்கிலத்தைப் பிறகு தனியாகப் பார்க்கலாம்.

திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர். அந்தக் கிழமையில் நேர்முகம் வைத்தால் நீரும் நானும் மட்டும்தான் இருப்போம். மற்ற நாட்களிலும் வீடு நிறைய விருந்தினரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையால் மூன்று முறை வந்துபோக முடியாது. எல்லாவற்றையும் ஒரே காலையில் முடித்துவிடும். பல்கலைக்கழக வளாகத்தில் மாணவரைத் தொழிற்பயிற்சிக்கு எப்போது அனுப்புகிறார்கள் என்பதையும் துறையில் போய் நேரே விசாரியும்.

காசுக்கு வருகிறேன். ஒரு லட்சம் சம்பளம் என்றால் உமது கையிலிருந்து போவது 115,000: ஊழியர் சேமலாப நிதிக்கு உமது பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். தகுதிகாண் காலம், பயிலுநர் என்று என்ன பெயர் வைத்தாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள்; பதினைந்தைத் தொட்டால், நெடுநாள் வேலை செய்து விலகுகிறவருக்கு ஒரு தொகை கொடுக்கச் சொல்லும் பணிக்கொடைச் சட்டமும் உம்மைத் தொடும். அதற்குப் பயந்து ஆளை எடுக்காமல் விடுவது சின்னத்தனம், தெரியாமல் எடுப்பது மடைத்தனம். வருமானம் ஒன்றும் வராவிட்டாலும் மூன்று மாதச் சம்பளம் கொடுக்க வங்கியில் இருந்தால் இரண்டு பேரை எடும். இல்லாவிட்டால் ஒருவர் போதும். ஐந்து பேர் என்ற உமது பழைய திட்டத்தை மறந்துவிடும்.

வரும் புதன், வியாழன் காலைகளில் எனக்கு வேலை இல்லை. சுயவிபரக்கோவைகளை அச்செடுத்து வையும். கைபேசியில் வாசிக்க என் கண் ஒத்துழைக்காது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரையும் கூட உட்கார வையும். புதிதாக வருகிறவருக்குப் பக்கத்துக் கதிரை அவர்களுடையதுதானே.

அன்புடன்,
அக்கா