மல்லிகாவுக்கு, பாடநூல் குழுவுக்குக் கிளம்புமுன்

ஒரத்தநாடு,
ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. தாள் திருத்தி முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் நலம். அத்தைக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது; இப்போது ஒரு சீரியல் விடுவதில்லை. சின்னவன் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

பாடநூல் திருத்தும் குழுவுக்கு உன்னைக் கூப்பிட்டது ரொம்பச் சந்தோஷம். "அங்கே என்ன பேசட்டும்?" என்று கேட்டிருந்தாய். கேட்டது நீ, படித்துத்தான் ஆகவேண்டும்.

எதைப் புதிதாகச் சேர்ப்பது என்றுதான் முதலில் பேச்சு வரும். பத்தாண்டுக்கு மேல் ஓடிய பிளஸ் ஒன் புத்தகங்களை 2018இல் மாற்றினார்களே, தரம் கூடியது உண்மைதான். புத்தகமும் தடித்துப்போனது. என் தங்கை அன்றைக்கு ஆரம்பித்த "போர்ஷன் முடியலை" புலம்பல் இன்னும் ஓயவில்லை. கொரோனா சமயத்தில், 2020-21க்குப் பாடங்களைக் குறைத்தார்கள். எதை விட்டதால் பிள்ளைகள் அடுத்த வகுப்பில் திணறினார்கள், எதை விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது வகுப்பெடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி வாங்கச் சொல்லு, முதல் வேலையாக.

நான் என் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன்: எத்தனை பீரியட் ஆயிற்று, பிள்ளைகள் எங்கே முழித்தார்கள், என்ன கேட்டார்கள். ஆறாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் அளவீடுகள். மீட்டர், கிலோகிராம் என்று போய்க்கொண்டிருந்தேன். கொத்தனார் மகள் ஒருத்தி அப்பாவின் டேப்பைக் கொண்டுவந்திருந்தாள்; ஒரு ஓரம் அங்குலம், மறு ஓரம் சென்டிமீட்டர். "எங்க மனை மூணு சென்ட் டீச்சர், அது எத்தனை மீட்டர்?" என்றாள். மீட்டரா, சதுர மீட்டரா என்பதிலேயே வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சென்டுக்கு 435.6 சதுர அடி என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அடிக்கு 30.48 சென்டிமீட்டர் என்று போர்டில் எழுதிப் பெருக்கினோம். சென்டுக்கு 40 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், மூன்று சென்டுக்கு 121 சொச்சம் என்று வந்தபோது பெல் அடித்துவிட்டது. மறுநாள் ஒருத்தன் பவுனைப் பிடித்துக்கொண்டான். எட்டு கிராம் என்றதும் அம்மாவின் தோட்டையே எடைபோடக் கிளம்பிவிட்டான்! அலகு மாற்றம் என் வகுப்பில் அவ்வளவு சுலபமாக நடந்ததே இல்லை. இப்போது அந்தப் பக்கத்தில் "சென்டில் தொடங்கு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரிக் குறிப்புகள் ஒன்றியத்துக்கு ஒரு கட்டு தேறும். பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில், பிள்ளைகள் விவரத்தை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு பற்றிப் பேசுகிற நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுத்தால் போதும். தொகுத்து வருஷா வருஷம் சென்னைக்கு அனுப்பலாம். மொத்தப் புத்தகத்தையும் எப்போதாவது புரட்டிப்போடுவதைவிட, ஒவ்வொரு மறுபதிப்பிலும் நாலு பக்கம் திருந்தினால் எவ்வளவோ மேல்.

அப்புறம் வினாத்தாள். பாடத்தின் கடைசியில் இருக்கிற புக் பேக் கேள்விதான் வரும் என்றால் எந்த டீச்சரும் சென்டில் தொடங்கமாட்டார், பரீட்சை நெருங்கும்போது நானும்தான். பாடத்தோடு கேள்வியையும் மாற்றச் சொல்லிப் பார். யாராவது முறைத்தால் என் பேரை இழுக்காதே.

ஓரக் குறிப்புப் பக்கங்களை வாட்சப்பில் அனுப்புகிறேன். என் கோழிக்கிறுக்கல் உனக்குப் பழக்கம்தானே. கூட்டம் என்றைக்கு? ஏழாம் வகுப்புப் பக்கங்களும் வேண்டுமென்றால் வியாழனுக்குள் சொல், புத்தகம் பள்ளி பீரோவில் இருக்கிறது.

அன்புடன்,
சாந்தி