ஏழு மலையை எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி ஊர்க்காரர்களுக்கும், மதுரையில் என்னோடு நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியின் ஏழு மலைகளைப் பற்றிய என் ஓவியங்களை ஊர் மந்தையிலேயே வைத்துக் காட்டி முடித்தாயிற்று. கயிறு கட்டிக் கொடுத்த அண்ணன்மார், படங்கள் காற்றில் பறக்காமல் கல் பொறுக்கி வைத்த சின்னப் பிள்ளைகள், வெயில் தாழும்வரை நின்று ஒவ்வொன்றாகப் பார்த்த அம்மாமார் என்று எத்தனை பேர்! அன்றைக்கு இருந்த பரபரப்பில் ஆளாளுக்கு நின்று நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கழிஞ்சமலைக்கு என்னைக் கைப்பிடித்து ஏற்றிவிட்ட தாத்தாவுக்கு. தாத்தா, நீங்கள் அன்றைக்கு என்னைப் படம் வரையவே விடவில்லை. "மொதல்ல சுத்திப் பாரு, நோட்டு அப்புறம்" என்று சொல்லிவிட்டீர்கள். குகைத்தளத்தின் நெற்றியில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் இருக்கும் கல்வெட்டை வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று காத்திருக்க வைத்தீர்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் இந்தக் குகையைக் குடைவித்துக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. உச்சிவெயிலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடம், நிழல் விழுந்ததும் எழுத்தெழுத்தாக எழுந்து வந்தது. ஒளியும் நிழலும் பற்றி எத்தனையோ வகுப்பு கேட்டிருக்கிறேன். அது என் கைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சாயங்காலம்தான்.

அதே மலையில் இருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தின் அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் என்ன இருக்கிறது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி, அதற்குப் "பாதிரிக்குடியார் ரட்சை", அதாவது பாதிரிக்குடி ஊரார் காவல், என்று முடிகிறதாம். பாதிரிக்குடி என்றால் இந்த ஊர்தான் என்றீர்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களை நம்பிக் கல்லில் வெட்டி ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை இன்றைக்கும் சுமப்பவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இடைச்சி மண்டபத்தில் நான் வரைந்துகொண்டிருந்தபோதெல்லாம் சாப்பாடு கொடுத்துவிட்ட அம்மாச்சிக்கு அடுத்த நன்றி. அந்தக் குடைவரைச் சிவன் கோயிலின் முகப்பில் பிள்ளையாரும், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரும் இருக்கிறார்கள். தண்டத்தோடு அமர்ந்திருக்கும் இலகுலீசரைத் தமிழ்நாட்டில் பார்ப்பதே அபூர்வம். எனக்கோ அவர் முகத்தின் அமைதி பிடிபடவே இல்லை, திரும்பத் திரும்பப் போனேன். யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கம்மங்கூழும் வெங்காயமும் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள், அம்மாச்சி. அந்த ஓவியம் முடிந்ததற்கு நீங்களும் காரணம்.

பறவை பார்க்கும் அண்ணனுக்கு என்ன சொல்வது? 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியை அரசு அறிவித்தபோது, செய்தியில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி என்று பெயர்களாக மட்டும் படித்திருந்தேன். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே இருக்கின்றன என்பதும் அப்போது எனக்கு ஒரு எண்தான். நீங்கள் பைனாகுலரைக் கையில் கொடுத்து, நிறத்தைத் தேடாதே, சிறகடிப்பைப் பார் என்றீர்கள். வல்லூறு பாறை முகட்டிலிருந்து சரிந்து இறங்கும்போது அதன் தோள் எப்படி மடங்குகிறது என்று அதற்குப் பிறகுதான் என் பென்சிலுக்குத் தெரிந்தது. ராத்திரியில் தேவாங்கின் கண் டார்ச் ஒளியில் சிவப்பாக மின்னியதையும் உங்களால்தான் பார்த்தேன். அதன்மேல் அதிக நேரம் வெளிச்சம் அடிக்கக்கூடாது என்று உடனே அணைத்தீர்களே, அந்த அக்கறையை நான் போகும் காடு மலையெல்லாம் கொண்டுபோவேன்.

சுனைகளைக் காட்டிய ஆடு மேய்க்கும் அக்காவுக்கும் நன்றி. அரசுக் கணக்கில் இங்கே 200 இயற்கைச் சுனை, 72 ஏரி, 3 தடுப்பணை. மழை பாறையிடுக்கில் இறங்கி, சுனையில் ஊறி, ஓடையாகி, கண்மாய்க்கு வந்து, கடைசியில் வயலுக்குப் போகிறது என்ற கதையை அக்கா ஒரு குச்சியை வைத்து மண்ணில் கீறிக் காட்டினார். என் கண்காட்சியில் நிறையப் பேர் நின்று பார்த்த நீர்வழிப் படம் அவருடைய கீறல்தான். நான் மையும் வண்ணமும் சேர்த்தேன், அவ்வளவே.

அப்புறம், போராட்ட நாட்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது நான் விடுதி அறையில் இருந்தேன். ஏறத்தாழ 5,000 ஏக்கர், அதற்குள் இந்தப் பாரம்பரியத் தலமும் அடங்கும் என்று படித்ததும் இருப்புக்கொள்ளவில்லை. மேலூர் பஸ் ஏறி வந்துவிட்டேன். வந்த இடத்தில் யாரும் என்னை வெளியாளாகப் பார்க்கவில்லை. கிரானைட் குவாரி வந்தபோதே எதிர்த்து நின்று பழகிய ஊர். என்ன தெரியும் என்று கேட்டார்கள். வரையத் தெரியும் என்றேன். பழைய வேட்டியும் சாயப் பொடியும் கொடுத்து ஒரு திண்ணையையும் ஒதுக்கிவிட்டார்கள்.

பதாகையில் மண்டையோட்டுப் படம் வரையலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள்தான், சாவை எதற்கு வரைகிறாய், இருப்பதை வரை என்றார்கள். அப்படித்தான் வல்லூறு, தேவாங்கு, சுனை, நெல், கோயில் மாடு எல்லாம் துணியில் ஏறின. போராட்ட ஓவியம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தத் திண்ணையைத்தான் சொல்வேன். எதை இழக்கப் போகிறோம் என்பதை அழகாகக் காட்டுவதைவிட வலுவான முழக்கம் எனக்குத் தெரியாது.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் நோக்கிக் கிளம்பிய அந்தக் கூட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கைப்பிள்ளையோடு நடந்தவர்கள், டிராக்டரில் வந்தவர்கள், கடையடைத்துவிட்டு வந்த மேலூர் வியாபாரிகள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். என் பதாகையின் இன்னொரு முனையை நகரம் வரைக்கும் பிடித்து வந்த, பெயர்கூடச் சொல்லாத சித்திக்கு என் வணக்கம். கிராமசபைகளில் தீர்மானம் போட்டவர்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் வரும்வரை விடாமல் மனுக் கொடுத்தவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜனவரி 23 அன்று ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது உங்கள் உழைப்பால். அந்த மந்தையில் வெடித்த வெடியும் குலவைச் சத்தமும் எங்கள் விடுதி வரைக்கும் போனிலேயே கேட்டது.

மதுரையைச் சுற்றி மலை மலையாக அழைத்துப்போன பசுமை நடைக் குழு நண்பர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். கீழக்குயில்குடி, ஆனைமலை, கீழவளவு என்று பார்த்தபிறகுதான் பயணம் என்றால் தூரம் போவது என்ற நினைப்பு எனக்குப் போயிற்று. கீழவளவு வட்டாரத்தில் மலை இருந்த இடத்தில் குவாரிக் குழியில் பச்சைத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். அரிட்டாபட்டியை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் காக்கிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளியில் ஓவியப் பாட வேளையைக் கணக்குக்குக் கொடுக்க மறுத்த எங்கள் டிராயிங் சாருக்கு நன்றி. சார், அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் இல்லை. ஃபிரேம் காசைத் தவணையில் வாங்கிக்கொண்ட கடைக்கார அண்ணனுக்கும், செமஸ்டர் நோட்ஸ் எழுதிக் கொடுத்த தோழிகளுக்கும் நன்றி. அப்பா அம்மாவுக்கு. பொம்பளைப் பிள்ளையை மலைக்கும் ஊர்வலத்துக்கும் தனியாக அனுப்புகிறீர்களே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவ போற எடத்துல ஆயிரம் பேர் இருக்காக" என்று அப்பா சொன்ன பதில் எனக்கு வேறு எவரும் தரமுடியாத பலம்.

ஓவியங்களை விற்கவில்லையா என்று சிலர் கேட்டீர்கள். நீர்வழிப் படத்தையும் பறவைப் படங்களையும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டேன். சுவரில் மாட்ட இடம் ஒதுக்கிய ஆசிரியர்களுக்கு நன்றி. தேர்வு முடிந்ததும் மீனாட்சிபுரம் பக்கம் மாங்குளம் மலையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டுகளை வரையப் போகிறேன். கூட வருகிறேன் என்று சொன்ன எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். காகிதமும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் திண்ணையில் வரைந்த பிள்ளை,
மதுரை