2024–25 ஆண்டறிக்கை: சைக்கிள் மிதித்தால் எத்தனை காலடி?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று ஒரு சுற்றைக் குறைத்துக்கொண்டு நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் நடையாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். வழக்கமான சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழையால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் முகாம் இரண்டு முறை நடந்தது. முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்துகளை மாற்றியாயிற்று. நம்மோடு நடந்து இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். அவர்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இன்னமும் யாரும் உட்காருவதில்லை. அப்படியொரு தீர்மானம் எதுவும் போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது.

இனி, இந்த ஆண்டில் நம்மை அதிகம் பேச வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 2 லட்சம் காலடி என்று ஒரு கணக்கு வைத்தோம். ஒரு நாளைக்குச் சுமார் 6,700. தினம் பத்தாயிரம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், நாம் ஏன் குறைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-ல், யமாசா என்ற ஜப்பான் நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மான்போ-கேய்', அதாவது 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. அந்தப் பெயர்தான் உலகம் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த கட்டுரை, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 காலடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த வயதுக்காரர்கள். அதனால்தான் 2 லட்சம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஜூலை மாதம் வரை. பஞ்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற நம் அண்ணன் ஒருவருக்கு முழங்கால் வலி. நடப்பதைக் குறைத்துவிட்டுச் சைக்கிளுக்கு மாறினார். ஒரு ஞாயிறு காலை கோவை ரேஸ்கோர்ஸிலிருந்து பேரூர் கோயில் வரை போய்த் திரும்பினார். ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வந்ததும் வராததுமாக, காலடிக் கணக்கு எழுதும் நம் சங்க நோட்டைக் கேட்டு வாங்கி 22,400 என்று எழுதினார். கிலோமீட்டருக்கு 1,400 காலடி, பதினாறை 1,400-ஆல் பெருக்கினால் அவ்வளவுதானே என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் அவருடைய செல்போனை வாங்கிப் பார்த்தார். அதில் 610 என்று இருந்தது. "அப்ப 610-ன்னு எழுதுங்க" என்றார். அண்ணனுக்கு வந்ததே கோபம். "நான் என்ன சைக்கிள்ல சும்மா உக்காந்துட்டா வந்தேனுங்க? மிதிச்சுட்டுல்ல வந்தேன்!"

இரண்டு பேர் சொன்னதுமே தப்பு. இதைப் புரிய வைப்பதற்கு எங்களுக்கு மூன்று கூட்டம் ஆயிற்று.

செல்போனும் கைக்கடிகாரமும் காலடியை எண்ணுவதில்லை. அவை எண்ணுவது குலுக்கலை. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு லேசாக ஏறி இறங்குகிறது. அந்தத் தாளம் கிடைத்தால் ஒரு காலடி என்று குறித்துக்கொள்ளும். சைக்கிளில் இடுப்பு சீட்டில், கை ஹேண்டில்பாரில். தாளமே இல்லை. அதனால் மூச்சு வாங்க மிதித்தாலும் கருவிக்கு நீங்கள் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். மறுபக்கம், நம் உறுப்பினர் ஒருவர் சிங்காநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போதே அவர் கையில் கட்டியிருந்த காலடி எண்ணும் பட்டை சில நூறு காலடிகளைக் காட்டியது. அது சாலைப் பள்ளங்களின் உபயம்.

கிலோமீட்டரை அப்படியே காலடியாக மாற்றுவதும் செல்லாது. சக்கரத்தில் உருளும்போது ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் சக்தி நடையைவிடக் குறைவு. நம்மைப் போல நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு நடையில் ஆகும் செலவில் பாதிக்கும் கீழே. இறக்கத்தில் மிதிக்காமலே போகிறோம், அதற்கு எத்தனை காலடி?

சரி, பிறகு எதை வைத்துக் கணக்கிடுவது? ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரான நம் துணைச் செயலாளர் இதைக் கையில் எடுத்துக்கொண்டார். உடலுழைப்பை அளக்க மெட் என்று ஓர் அலகு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தி 1 மெட். எந்த வேலைக்கு எத்தனை மெட் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். அதை அவ்வப்போது திருத்தியும் வருகிறார்கள். 2011 பட்டியலின்படி, சமதரையில் மணிக்குச் சுமார் 4.8 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 3.5. சைக்கிளில் மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கீழே நிதானமாகப் போனால் 4. 16 முதல் 19 வரை 6.8. 19 முதல் 22 வரை 8.

பட்டியல் அமெரிக்காவுடையது, நடை நம்முடையதாக இருக்க வேண்டும் என்று சார் பிடிவாதமாக இருந்தார். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். கருவியை நம்பாமல், சட்டையின் வலப் பையில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, நூறு காலடிக்கு ஒரு கொட்டையை இடப் பைக்கு மாற்றிக்கொண்டே நடந்தார். நடுவில் யார் வணக்கம் சொன்னாலும் பதில் சொல்லவில்லை. அன்று சிலர் வருத்தப்பட்டார்கள், காரணம் இதுதான். ஒரு சுற்றுக்கு 35 கொட்டை, 32 நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 109 காலடி. இன்னும் ஆறு பேரை நடக்க வைத்துப் பார்த்ததிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வந்தது.

மீதி எல்லாம் வகுத்தல் பெருக்கல்தான். 109-ஐ 3.5-ஆல் வகுத்தால், ஒரு மெட் அளவு உழைப்பை ஒரு நிமிடம் செய்வது 31 காலடிக்குச் சமம். நிதானமான சைக்கிளுக்கு 31-ஐ 4-ஆல் பெருக்க 124. நடுத்தர வேகத்துக்கு 211. வேகமாகப் போனால் 248. கீழ்நோக்கி முழுமையாக்கி, நிமிடத்துக்கு 120, 200, 240 என்று செப்டம்பர் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டோம். மிதித்த நேரம் மட்டும்தான் கணக்கு. பேரூரில் டீக்கடை முன்னால் நின்ற நேரம் சேராது. அண்ணன் மிதித்தது 70 நிமிடம். ஆக 8,400. அவர் சொன்ன 22,400-உம் இல்லை, போன் காட்டிய 610-உம் இல்லை.

அப்போது ஒரு உறுப்பினர் எழுந்து, எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள், பெடலை ஒரு தடவை அழுத்தினால் ஒரு காலடி என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இரண்டு காலுக்கும் சேர்த்து 120 அழுத்தம். நம் கணக்கும் 120! சபையே கைதட்டியது. ஆனால் அது தற்செயலாக ஒத்துப்போனதுதான். வீட்டில் நிற்கும் எக்ஸர்சைஸ் சைக்கிளில் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே நிமிடத்துக்கு 80 சுற்று சுற்றலாம். வியர்வைகூட வராது. அதனால் அந்தச் சைக்கிளுக்கு வேகமும் பார்ப்பதில்லை, சுற்றும் எண்ணுவதில்லை. பேச்சைத்தான் பார்க்கிறோம். மிதித்துக்கொண்டே வீட்டாரோடு தாராளமாகப் பேச முடிந்தால் நிமிடத்துக்கு 100. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் 200. பொய் சொல்ல நினைப்பவர்களை வீட்டிலிருப்பவர்களே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

பேட்டரி சைக்கிளுக்கு மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டிய நேரம் மட்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவைக்காரர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்றில் பேரூர்ப் பக்கம் போகும்போது சைக்கிள் நகரவே நகராது. திரும்பும்போது தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். போக 45 நிமிடம், வர 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மட்டும் பார்த்தால், உயிரைக் கொடுத்து மிதித்த 45 நிமிடத்துக்கு 120, காற்று தள்ளிய 25 நிமிடத்துக்கு 200. மொத்தம் 10,400. உண்மையில் நடந்தது தலைகீழ். போகும்போது 200, வரும்போது 120 என்று போட்டால் 12,000. எனவே இந்த ஆண்டு முதல் அந்த இரண்டு மாதங்களில் மட்டும், சாலையில் ஓட்டும் சைக்கிளுக்கும் பேச்சுக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பேச்சு வந்தால் நிதானம், வாங்கினால் நடுத்தரம். மூச்சைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எலும்பு விஷயம். காலடியாக மாற்றிவிட்டோம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சைக்கிள் நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பில் சைக்கிளும் சேர்த்தி. ஆனால் சைக்கிளில் நம் எடையைச் சீட்டு தாங்குகிறது. நடக்கும்போது கால் எலும்பும் இடுப்பும் தாங்குகின்றன. எலும்பு உறுதிக்கும், தடுமாறாமல் நிற்பதற்கும் அந்தச் சுமை வேண்டும். நம் வயதில் பயப்பட வேண்டியது குளியலறையில் வழுக்கி விழுவதற்குத்தான். அதனால் 2 லட்சத்தில் பாதிக்கு மேல் சைக்கிளில் இருந்து வரக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தோம். நடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. சைக்கிளில் வந்த காலடிகளை நோட்டில் தனியாகச் சிவப்பு மையில் எழுதுவது என்றும் முடிவானது.

முழங்கால் அண்ணன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் நோட்டுப் பக்கமே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "எட்டாயிரத்து நானூறுங்கறதை ஒத்துக்கறேனுங்க. ஆனா சிவப்புல எழுதினா ஃபெயில் மார்க்காட்டம் இருக்குது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்டோபரிலிருந்து பச்சை மை. மார்ச் மாதக் கணக்கில் அவர் பெயருக்கு நேராக 2,11,000, அதில் பச்சை 1,64,000. மருத்துவர் சீட்டு நோட்டிலேயே ஒட்டியிருக்கிறது, யாரும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம்.

2024-ல் அந்த மெட் பட்டியலைத் திருத்தியபோது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனிப் பட்டியலும் வெளியிட்டிருக்கிறார்கள். சார் அதை வைத்து நம் 120, 200, 240-ஐ மறுபடி சரிபார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். புளியங்கொட்டை அவரிடமே இருக்கிறது. அவர் வணக்கத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் தப்பாக நினைக்க வேண்டாம்.

நோட்டை நாள் தவறாமல் எழுதிவைத்த தங்கைகள் இருவருக்கும், மழை நாட்களில் கூட்டம் நடத்தத் தன் வீட்டு மாடியைக் கொடுத்த உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். அதில் 'பச்சைப் பேனா 3, ரூ. 30' என்று ஒரு வரி வரும்.

இங்ஙனம்,
செயலாளர்